மேளத்துக்குத் தடை போட்டார்கள்... எண்ணெய் டிரம் பாடியது! - டிரினிடாட் ஸ்டீல்பான் பிறந்த கதை

1951, ஜூலை 26. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரை. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஆறு வருடங்களாகியிருந்தன. சோர்ந்து கிடந்த மக்களை உற்சாகப்படுத்த 'பிரிட்டன் திருவிழா' என்ற பெயரில் பிரமாண்டமான விழா ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது அந்த நாட்டு அரசு. அங்கே கரீபியன் கடலிலிருந்து கப்பல் ஏறி வந்த கறுப்பின இளைஞர்கள் சிலர் வாசிக்கத் தயாரானார்கள்.

அவர்கள் முன்னால் இருந்தவை வயலினோ டிரம்பெட்டோ இல்லை. வெட்டப்பட்ட எண்ணெய் பேரல்கள். சில குட்டையானவை, சில ஆள் இடுப்பு உயரம். கையில் ரப்பர் சுற்றிய குச்சிகள். பழைய இரும்புக் கடை வாசலில் கிடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத சாமான்கள்.

குச்சிகள் இறங்கின. தகரச் சத்தம் வரும் என்று காத்திருந்தவர்களுக்குக் கேட்டது, மணியும் வீணையும் கலந்தது போன்ற ஒரு ஒலி. கலிப்ஸோ வந்தது, மாம்போ வந்தது, மேற்கத்திய மெல்லிசையும் வந்தது. எல்லாம் பேரல்களிலிருந்து!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த பிரிட்டிஷ் அரசின் விழாவில் இந்தக் கருவி கைதட்டல் வாங்கியதோ, அதே பிரிட்டிஷ் ஆட்சிதான் சுமார் 70 வருடங்களுக்கு முன்பு இவர்களின் தாத்தாக்கள் மேளம் அடிப்பதைச் சட்டம் போட்டு ஒடுக்கியது. அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால், இந்தக் கருவி பிறந்தே இருக்காது என்றும் சொல்லலாம்.

கரும்புத் தோட்டத்து நெருப்பு

தென் அமெரிக்காவின் வெனிசுலாவுக்கு மிக அருகில், கூப்பிடு தூரம் என்று சொல்லும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது டிரினிடாட் தீவு. கிரிக்கெட் ரசிகர்களுக்கு பிரையன் லாராவின் ஊர் என்றால் சட்டென்று புரியும். முதலில் ஸ்பெயின் வசம் இருந்த தீவு இது. 1783-க்குப் பிறகு, ஸ்பெயின் அரசர் கொடுத்த சலுகைகளால் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் பெருமளவில் வந்து குடியேறினார்கள். வரும்போது ஆப்பிரிக்க அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். கூடவே தங்கள் ஊர் கார்னிவல் கொண்டாட்டத்தையும். 1797-ல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது.

கார்னிவல் என்பது கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் நடக்கும் கொண்டாட்டம். முதலாளிகள் முகமூடி போட்டு மாளிகைகளில் ஆடினார்கள். அடிமைகளுக்கு அதில் இடமில்லை.

1834-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆனாலும், 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் அதே முதலாளியிடம் வேலை பார்க்க வேண்டியிருந்தது. 1838-ல்தான் முழு விடுதலை. அதன்பிறகு தெருவுக்கு வந்த மக்கள், தங்களுக்கென்று ஒரு கொண்டாட்டத்தை உருவாக்கிக்கொண்டார்கள். அதன் பெயர் 'கன்போலே'. எரியும் கரும்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்த பெயர். அடிமைக் காலத்தில் ஏதாவது தோட்டத்தில் கரும்பு தீப்பிடித்தால், சங்கு ஊதி, கொம்பு ஊதி, நள்ளிரவானாலும் சுற்றுவட்டார அடிமைகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போவார்கள். விடுதலை பெற்றவர்கள் அந்தக் கொடுமையையே நடித்துக் காட்டினார்கள். கையில் தீப்பந்தம், வாயில் பாட்டு, கூடவே தோல் மேளம்.

கன்போலேவின் இன்னொரு அங்கம், 'கலிண்டா' என்ற கம்புச் சண்டை. நம் சிலம்பம் போல இதுவும் மேளம் இல்லாமல் நடக்காது. மேளக்காரர் வேகத்தைக் கூட்டினால் சண்டைக்காரனின் ரத்தமும் சூடேறும். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கம்புக் குழு, ஒரு பாடகர், மேளங்கள் என்று இருந்தன.

அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. இருட்டில் தீப்பந்தமும் கம்புமாக ஆயிரக்கணக்கான முன்னாள் அடிமைகள் திரண்டால் ஆள்பவருக்குப் பயம் வரத்தானே செய்யும்? போதாக்குறைக்கு, மேளச் சத்தத்தில் ஏதாவது ரகசியச் செய்தி போகிறதோ என்ற சந்தேகம் வேறு. 1881 கார்னிவலின்போது, போலீஸ் அதிகாரி கேப்டன் பேக்கர் தன் படையோடு தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கன்போலே கூட்டத்தை மறித்தார். பேட்டைக்குப் பேட்டை அடித்துக்கொண்டிருந்த கம்புக் குழுக்கள் அன்று ஒன்றுசேர்ந்து போலீஸை எதிர்த்தன. தெருவே ரணகளமானது.

பதிலடியாக 1884-ல் வந்தது அமைதிப் பாதுகாப்புச் சட்டம். தீப்பந்த ஊர்வலம், மேளம், கம்போடு பத்துப் பேருக்கு மேல் கூடுவது ஆகிய எல்லாவற்றின் மீதும் கை வைத்தது அது.

இந்த இடத்தில் நம்மவர்களையும் சொல்ல வேண்டும். 1845-லிருந்து 1917 வரை இந்தியாவிலிருந்து சுமார் 1,40,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. அவர்களோடு போன 'தாசா' மேளம் இன்றும் அந்தத் தீவின் கல்யாணங்களில் அதிர்கிறது. அதே 1884-ம் ஆண்டின் அக்டோபர் 30-ம் தேதி, சான் ஃபெர்னாண்டோ நகரில் மொகரம் ஊர்வலம் வந்த இந்தியத் தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. பலர் செத்து விழுந்தார்கள். ஆப்பிரிக்கர்களாக இருந்தாலும் சரி, இந்தியர்களாக இருந்தாலும் சரி, ஏழைகள் மேளத்தோடு தெருவுக்கு வந்தால் ஆட்சிக்கு ஆகவில்லை.

மூங்கில் பேசிய காலம்

தோல் மேளத்தை எடுக்கக்கூடாது. சரி, வேறு என்ன இருக்கிறது? தீவு முழுக்க மூங்கில் காடு!

'தம்பு பேம்பு' என்ற மூங்கில் வாத்தியக் குழுக்கள் இப்படித்தான் வந்தன. பிரெஞ்சு மொழியில் 'தம்பூர்' என்றால் மேளம். மூங்கில் மேளம் என்று அர்த்தம். இதில் 'பூம்' என்பது தடித்த நீளமான மூங்கில். செங்குத்தாகப் பிடித்துத் தரையில் இடித்தால் 'தொம்' என்று அடிவயிறு வரை கேட்கும். 'ஃபூலே' என்பது இரண்டு சிறு மூங்கில் துண்டுகள். ஒன்றின் முனையை இன்னொன்றின் முனையில் தட்ட வேண்டும். 'கட்டர்' மெல்லிய மூங்கில். தோளில் சாய்த்து வைத்துக் குச்சியால் படபடவென்று அடிப்பார்கள். கண்ணாடி பாட்டிலில் ஸ்பூனால் தட்டுபவர் ஒருவர் கூடவே வருவார்.

கவனித்தால் தெரியும், இது வெறும் சத்தம் இல்லை. ஆப்பிரிக்க மேளக் குழுவில் பெரிய மேளம், நடு மேளம், சின்ன மேளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலைப் பிரிவினையை அப்படியே மூங்கிலுக்கு மாற்றிவிட்டார்கள். சுமார் 40, 50 வருடங்கள் டிரினிடாட்டின் ஏழைப் பேட்டைகளில் மூங்கில்தான் கார்னிவலின் நாடித்துடிப்பு.

ஆனால், மூங்கிலுக்கு ஆயுசு குறைவு. தரையில் இடித்து இடித்து ஊர்வலம் முடிவதற்குள் பிளந்துவிடும். போட்டிக் குழு எதிரே வந்தால் அதே மூங்கில் சண்டைக்கும் பயன்படும். போலீஸ் கண் அதன் மீதும் விழுந்தது.

பிஸ்கட் டின்னில் கிடைத்த சுரம்

1930களில் யாரோ ஒருவர், பிளந்த மூங்கிலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையில் கிடைத்த தகரத்தைத் தட்டியிருக்க வேண்டும். முதல் ஆள் யார் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, மண்ணெண்ணெய் டின், குப்பைத்தொட்டி மூடி, பழைய கார்களின் பிரேக் டிரம் என்று கிடைத்ததெல்லாம் வாத்தியமானது. தகரம் மூங்கிலைவிடச் சத்தமாகக் கேட்டது, உடையவில்லை, காசும் இல்லை. 1930களின் பிற்பகுதியில் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் நியூடவுன் பகுதியிலிருந்து 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' என்ற குழு முழுக்க முழுக்கத் தகரத்தோடு கார்னிவலில் இறங்கியது. அதன்பிறகு மூங்கிலைச் சீண்ட ஆள் இல்லை.

இதுவரை தகரம் தாளம் மட்டும்தான் போட்டது. பாட ஆரம்பித்த கதை இன்னும் சுவாரசியமானது.

டிரினிடாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. ஜான் ஜான் என்ற பேட்டையைச் சேர்ந்த வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன் என்ற பையன், தன் தகர டிரம்மை நண்பனிடம் கொடுத்திருந்தான். திரும்பி வந்தபோது அடி வாங்கிக் குழிந்துபோயிருந்தது. ஒரு கல்லை எடுத்து உள்பக்கமிருந்து தட்டி நிமிர்த்தப் பார்த்தான். தட்டத் தட்ட, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சுரம் கேட்டது! பழையபடி ஒரே சத்தத்தைக் கொண்டுவர முயன்றவனுக்கு நான்கைந்து சுரங்கள் கிடைத்தன.

அழகான கதைதான். ஆனால், நெவில் ஜூல்ஸ், எல்லி மேனெட் போன்றவர்களின் பேட்டைக்காரர்கள் இதை முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு பேட்டையிலும் பையன்கள் அதே நேரத்தில் தகரத்தைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவன் கண்டுபிடித்ததை அடுத்த வாரம் இன்னொருவன் மேம்படுத்தினான். தனி ஒருவரின் கண்டுபிடிப்பு என்பதைவிட, ஒரு நகரத்தின் ஏழை இளைஞர்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்த கண்டுபிடிப்பு என்பதே நியாயம். அவர்களில் யாருக்கும் உலோகவியல் தெரியாது, பெரும்பாலானோருக்கு இசைக்குறிப்பு படிக்கவும் தெரியாது.

போர் கொடுத்த பேரல்

இரண்டாம் உலகப்போர் காரணமாக 1942 முதல் 1945 வரை கார்னிவலுக்கு அனுமதி கிடையாது. அதனால் பான் அடிப்பது நின்றுவிடவில்லை, கொல்லைப்புறங்களுக்கு இடம் மாறியது. தெருவில் வாசிக்க முடியாதவர்கள் மூன்று நான்கு வருடங்கள் உட்கார்ந்து சுரங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்த செய்தி வந்ததும், பான்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அடுத்த வருடக் கார்னிவலில் ஸ்ப்ரீ சைமன், கவர்னர் முன்னிலையில் தன் பானில் பிரிட்டிஷ் தேசிய கீதத்தையே வாசித்துக் காட்டினார் என்று சொல்வார்கள்.

'பான்' என்றதும் வெற்றிலை நினைவுக்கு வர வேண்டாம். இது சட்டி, தகர டப்பா என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல். அந்த ஊர்க்காரர்கள் ஸ்டீல்பானைச் செல்லமாகப் 'பான்' என்றுதான் சொல்வார்கள். வாசிப்பவர் 'பான்மேன்'.

பிஸ்கட் டின்னிலிருந்து பெரிய பேரலுக்கு மாறியதில் எல்லி மேனெட்டின் பங்கு முக்கியமானது. டிரினிடாட் எண்ணெய் வளம் உள்ள தீவு. போர்க்காலத்தில் அமெரிக்கப் படைத்தளங்களும் வந்து சேர்ந்தன. 55 கேலன், அதாவது சுமார் 208 லிட்டர் பிடிக்கும் எண்ணெய் டிரம்கள் எங்கும் கிடந்தன. ஆரம்பத்தில் தகரத்தின் முகத்தை மேல்நோக்கிப் புடைக்கவிட்டுத்தான் சுரம் வைத்தார்கள். மேனெட் அதைத் தலைகீழாக்கி, கிண்ணம் போல உள்நோக்கிக் குழித்தார். இடம் அதிகமானது, சுரங்களும் அதிகமாயின. குச்சி முனையில் ரப்பரைச் சுற்றும் பழக்கத்துக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். தகரத்தின் 'டங்' மறைந்து, இன்று நாம் கேட்கும் இனிமை வந்தது அந்த ரப்பரால்தான்.

ஒரு பேரல் எப்படிப் பாடும்?

பான் செய்பவரை டியூனர் என்கிறார்கள். முதல் வேலை சம்மட்டியோடு தொடங்கும். பேரலின் அடித்தட்டைக் கிண்ணம் போலக் குழியும் வரை அடித்து இறக்க வேண்டும். தகரம் மெலியும், ஆனால் கிழியக்கூடாது. பிறகு எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று வரைந்து, ஓரங்களை ஆணி போன்ற உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி வரப்பு கட்டுவார்கள். ஒரு சுரத்தின் அதிர்வு பக்கத்து வீட்டுக்குள் போகாமல் தடுப்பது இந்த வரப்புதான். அடுத்து, பக்கவாட்டுத் தகரத்தைத் தேவையான நீளத்தில் வெட்டிவிட்டு, நெருப்பில் காட்டுவார்கள். சூடுபட்டு உலோகம் இறுகும். அதன்பிறகுதான் நிஜமான வித்தை: சிறு சுத்தியலால் மேலும் கீழும் தட்டித் தட்டி ஒவ்வொரு சுரத்தையும் நிற்க வைப்பது. ஒரு சுரத்தைச் சரிசெய்தால் பக்கத்துச் சுரம் விலகும். அதைச் சரிசெய்தால் இது விலகும். பொறுமை இல்லாதவர்களுக்கான வேலை இல்லை.

பெரிய பரப்பு தாழ்ந்த சுரம் தரும், சின்னப் பரப்பு உச்ச சுரம் தரும். அதனால் கிண்ணத்தின் விளிம்பில் பெரிய சுரங்கள், நடுமையத்தில் சின்னவை. இனிமையாக மேலே பாடும் 'டெனர்' பானில் ஒரே பேரலில் 28, 29 சுரங்கள் வரை அடங்கும். கனத்த ஒலி தரும் பேஸ் வகைக்கு ஒரு பேரலில் மூன்று நான்கு சுரங்களுக்குத்தான் இடம். அதனால் ஒரே ஆள் ஆறு, ஒன்பது, பன்னிரண்டு முழு பேரல்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு நடுவில் நின்று வாசிப்பார். பார்க்க நடனம் போல இருக்கும்.

சுரங்களை எந்த வரிசையில் வைப்பது என்பதில் ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு முறை. இதற்கு அந்தோணி வில்லியம்ஸ் கண்டுபிடித்த 'சிலந்திவலை' அமைப்பு அற்புதமானது. நம் சங்கீத மொழியில் சொன்னால், ஒவ்வொரு சுரத்தையும் சட்ஜமமாக வைத்துக்கொண்டால் அதன் ஒருபக்கம் பஞ்சமமும் மறுபக்கம் மத்யமமும் இருக்கும்படி வட்டமாக 12 சுரங்கள். அதே சுரத்தின் மேல் ஸ்தாயி நேர் உள்ளே. ஒத்துப்போகும் சுரங்கள் அக்கம்பக்கமாக இருப்பதால், ஒன்று அதிரும்போது மற்றதும் லேசாக அதிர்ந்தாலும் காதுக்கு உறுத்தாது. இன்று உலகம் முழுக்கப் பெரும்பாலான டெனர் பான்கள் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன.

ரவுடிகளின் வாத்தியம்

கருவி வளர்ந்த வேகத்தில் மரியாதை வளரவில்லை. பான் என்றாலே ரவுடிப் பையன்கள் என்றார்கள். 'நல்ல குடும்பத்து'ப் பிள்ளைகள் பான் பக்கம் போனால் வீட்டில் அடி விழும். போலீஸ் வந்தால் பானைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்; சிக்கினால் வாத்தியமும் போகும், ஆளும் போவான்.

அந்தக் கெட்ட பெயருக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. குழுக்களின் பெயர்களைப் பாருங்கள்: இன்வேடர்ஸ், டெஸ்பராடோஸ், ரெனகேட்ஸ், டோக்கியோ, கஸபிளாங்கா. பாதி ஹாலிவுட் படங்களிலிருந்து எடுத்தவை. படையெடுப்பவர்கள், துணிந்த கொள்ளையர்கள், துரோகிகள் என்று பெயர் வைத்துக்கொண்டு கார்னிவல் தெருவில் எதிரெதிரே வந்தால் என்ன நடக்கும்? 1950 கார்னிவலில் இன்வேடர்ஸும் டோக்கியோவும் மோதிக்கொண்டதைப் பற்றிக் கலிப்ஸோ பாட்டே உண்டு. தாத்தாக்கள் கம்போடு பேட்டைக்காகச் சண்டை போட்டார்கள், பேரன்கள் பானோடு. வேலையில்லை, சேரி வாழ்க்கை, ஊர் முழுக்க இளக்காரம். இந்தக் குழுதான் அவர்களுக்கு இருந்த ஒரே அடையாளம்.

ஆல்பர்ட் கோம்ஸ் போன்ற அரசியல்வாதிகள் சிலர் இவர்கள் பக்கம் நின்று பேசினார்கள். அரசு ஒரு குழு அமைத்து விசாரித்தது. 1950-ல் பான் குழுக்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தின் பெரிய சாதனைதான் லண்டன் பயணம்.

எதிரெதிர்க் குழுக்களின் சிறந்த கைகளைப் பொறுக்கியெடுத்து 'டாஸ்போ' என்ற ஒரே குழுவாக்கினார்கள். ஸ்ப்ரீ சைமன், எல்லி மேனெட், அந்தோணி வில்லியம்ஸ், ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் எல்லோரும் அதில் இருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ஜோசப் கிரிஃபித். யார் அவர்? போலீஸ் பேண்டு வாத்தியக் குழுக்களில் பணியாற்றிய லெப்டினென்ட்! பான்காரர்களை விரட்டிய போலீஸின் சீருடையிலிருந்து வந்தவரே அவர்களுக்கு இசைக்குறிப்பு சொல்லிக்கொடுத்தார். ஒரு ஸ்தாயியின் 12 சுரங்களும் எல்லா பான்களிலும் இருக்க வேண்டும், பேஸ் பான்களை முழு பேரலில் செய்ய வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். லண்டனுக்குக் கிளம்புவதற்கு முன்பே அந்தக் கருவி ஒரு படி ஏறிவிட்டது.

பயணச் செலவுக்கு ஊரே காசு கொடுத்தது. வாழைப்பழம் ஏற்றும் கப்பலில் போனார்கள். வழியில் உடல்நிலை மோசமானதால் ஒருவர் மார்ட்டினிக் தீவிலேயே இறங்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் லண்டனில் வாசித்ததைத்தான் ஆரம்பத்தில் பார்த்தோம். நிகழ்ச்சிகள் முடிந்து குழு ஊர் திரும்பியபோது பெட்டன்கோர்ட் மட்டும் லண்டனிலேயே தங்கிவிட்டார். 1960களில் லண்டன் நாட்டிங் ஹில் தெருக்களில் ஸ்டீல்பானோடு நடந்த சிறு குழுவில் அவரும் ஒருவர். அந்தத் தெருவிழா இன்று ஐரோப்பாவின் மிகப்பெரிய தெருக் கொண்டாட்டங்களில் ஒன்று.

லண்டன் கைதட்டியதும் உள்ளூரின் பார்வையும் மாறியது. கல்லூரி மாணவர்கள் குழு ஆரம்பித்தார்கள். 1950களின் தொடக்கத்தில் 'கேர்ள் பேட்' என்ற பெயரில் பெண்கள் மட்டுமே வாசித்த குழுவும் வந்தது. ஊரில் பிறந்த ஒன்றை வெளிநாட்டுக்காரர் பாராட்டிய பிறகுதான் உள்ளூர் பெரிய மனிதர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அந்தத் தீவுக்கும் பொருந்தியது.

நூறு பேர், எட்டு நிமிடம்

1962 ஆகஸ்ட் 31-ல் டிரினிடாட் - டொபாகோ சுதந்திரம் பெற்றது. அடுத்த வருடமே 'பனோரமா' என்ற தேசிய பான் போட்டி தொடங்கியது. முதல் இரண்டு வருடமும் வென்றது அந்தோணி வில்லியம்ஸின் நார்த் ஸ்டார்ஸ் குழு. கம்பும் பாட்டிலும் இருந்த இடத்தில் கோப்பையும் பரிசுத்தொகையும் வந்தன. பேட்டைச் சண்டையை மேடைக்கு ஏற்றியதில் இந்தப் போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்போதைய பிரதமர் எரிக் வில்லியம்ஸ், கம்பெனிகள் குழுக்களைத் தத்தெடுக்க வேண்டும் என்றார். ஷெல், எஸ்ஸோ, அமோகோ போன்ற எண்ணெய் நிறுவனங்கள் வந்து தங்கள் பெயரைக் குழுவின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டன. ஒருகாலத்தில் எண்ணெய் டிரம்மை எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்தவர்களிடம் எண்ணெய்க் கம்பெனிகளே தேடி வந்தன.

இன்றும் கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் 'பான்யார்டு'களில் இரவெல்லாம் பயிற்சி நடக்கும். பெரிய குழு என்றால் நூறு பேருக்கு மேல். பள்ளி மாணவியும், வங்கி ஊழியரும், ஓய்வுபெற்ற தாத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். வாசிக்கப்போவது சுமார் எட்டு நிமிடம் ஓடும் ஒரே பாட்டு. அதற்கு பெரும்பாலும் காகிதம் கிடையாது. இசையமைப்பாளர் ஒரு பகுதியை வாசித்துக் காட்டுவார், இவர்கள் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்வார்கள். நம் ஊர்ப் பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் நடப்பது மாதிரிதான். என்ன, இங்கே சிஷ்யர்கள் நூறு பேர். பழைய பிரேக் டிரம்மை மறக்கவில்லை. குழுவின் நடுவில், 'இன்ஜின் ரூம்' என்று அழைக்கப்படும் தாளப் பகுதியில் அது இன்றும் 'கிணிங் கிணிங்' என்று அடிக்கப்படுகிறது.

ரீல்ஸில் வரும் அந்தக் கருவி...

மடியில் வைத்துக் கையால் தட்டும், பறக்கும் தட்டு போன்ற ஒரு உலோகக் கருவியை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். தியான இசை என்றாலே இப்போது அதுதான். ஹேண்ட்பான் என்று அழைக்கிறார்கள். அதன் தாய், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 2000-ம் ஆண்டில் உருவான 'ஹாங்'. பெர்ன் வட்டார ஜெர்மனில் 'கை' என்று அர்த்தம். அதை உருவாக்கிய ஃபெலிக்ஸ் ரோனர், சபினா ஷேரர் இருவரும் ஸ்டீல்பான் செய்துகொண்டிருந்தவர்கள். ரெட்டோ வெபர் என்ற தாள வாத்தியக் கலைஞர் நம் ஊர்க் கடத்தை வாசிப்பவர். இதே போல உலோகத்தில், சில சுரங்களோடு, கையால் வாசிக்கும்படி ஒன்று செய்ய முடியுமா என்று அவர் கேட்டதிலிருந்து பிறந்த கருவி அது. டிரினிடாட்டின் பேரலும் தென்னிந்தியாவின் மண் பானையும் பெர்னில் சந்தித்துக்கொண்டன!

'இருபதாம் நூற்றாண்டில் கண்டுபிடிக்கப்பட்ட, மின்சாரம் தேவைப்படாத ஒரே இசைக்கருவி' என்று ஸ்டீல்பானைப் புகழ்வதுண்டு. கொஞ்சம் மிகைதான்; அந்த நூற்றாண்டில் வேறு சில கருவிகளும் வந்தன. ஆனால், அவற்றில் எதுவும் ஒரு நாட்டின் அடையாளமாகவே மாறவில்லை.

அந்த அடையாளத்தைக் காப்பாற்றுவதும் எளிதாக இல்லை. 2001-ல் அமெரிக்காவில் இருவர், இயந்திர அழுத்தத்தால் பான் தயாரிக்கும் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் டிரினிடாட் கொதித்தது. பேட்டைப் பையன்கள் ஒருவருக்கொருவர் பார்த்துப் பார்த்து வளர்த்த கலையில் யாரும் உரிமைப் பத்திரம் எழுதி வைத்திருக்கவில்லை. மேனெட்டேகூட 1967-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே பல்கலைக்கழகத்தில் பான் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1999-ல் அந்த நாட்டின் தேசியப் பாரம்பரிய விருதைப் பெற்றார். 2018-ல் காலமானார்.

1992-ல் ஸ்டீல்பான், டிரினிடாட் - டொபாகோவின் தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது. 2023 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை, ஆகஸ்ட் 11-ம் தேதியை உலக ஸ்டீல்பான் தினமாக அறிவித்தது.

அதற்குப் பிறகு இன்னொரு மாற்றமும் நடந்தது. சுதந்திரம் பெற்ற 1962-லிருந்து அந்த நாட்டின் அரசுச் சின்னத்தில் மூன்று கப்பல்கள் இருந்தன. 1492-ல் கொலம்பஸ் கடல் கடந்து வந்த சாண்டா மரியா, நீனா, பிண்டா. அமெரிக்கக் கண்டத்தில் அடிமை வணிகத்துக்குப் பாதை போட்ட பயணம் அது என்று பலரும் அந்தக் கப்பல்களை எதிர்த்து வந்தார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் கூடி விவாதித்தது. மூன்று கப்பல்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்டீல்பானை வைக்க ஒப்புதல் கொடுத்தது.